குர்தேவ் சிங்கின் முழங்கால்

எங்கள் பட்டறையில் இப்போது பிளாஸ்ரர் மணமே இல்லையாம். என்னோடு கடைசி வருடங்களில் வேலை செய்த ஆரணி போன மாதம் தொலைபேசியில் சொன்னாள்.

"அங்கிள், இப்ப எல்லாம் ஸ்கானர்தான். காலைச் சுத்தி ஒருக்காக் காட்டினா ஸ்கிறீன்ல வந்திடும். யூ வுட் லவ் இட்."

உண்மைதான், எனக்குப் பிடித்திருக்கும். பழையதுதான் திறம் என்று மூக்கால் அழுகிற ஆள் நான் இல்லை. பிளாஸ்ரர் பட்டு நாசமாய்ப்போன என் காற்சட்டைகளைப் பற்றி என் மனைவியிடம் கேட்டால் தெரியும். ஆனால் ஆரணி கேட்டது வேறு. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். நான் கண்டதிலேயே கஷ்டமான கேஸ் எது என்று எழுதித் தரவேண்டுமாம். எனக்குத் தமிழில்தான் எழுத வரும் என்றேன். "எழுதுங்கோ, நான் ட்ரான்ஸ்லேட் பண்ணுறன்" என்றாள். அவளுடைய தமிழ் எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் செயற்கைக் கால் செய்வதுதான் ஓய்வு பெறும்வரை என் தொழில். அதற்குள் நான் வந்தது என் அக்கா பிலோமினாவால். சமாதானம் காக்க வந்த இந்தியப் படை எங்கள் பக்கத்தில் சண்டைக்குள் இறங்கிய காலம் அது. நாங்கள் வீட்டை விட்டுக் கோயிலில் போய் இருந்தோம். கொஞ்சம் அடங்கியதும் திரும்பி வந்தபோது, அக்காதான் முதலில் போய்ப் பின் படலையைத் திறந்தாள். கண்ணிவெடி. புதைத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஒழுங்கையால் இந்தியப் படையும் எங்கள் இயக்கப் பொடியளும், இரண்டு பகுதியும் போய் வந்தவர்கள். முதலில் முழங்காலுக்குக் கீழேதான் வெட்டினார்கள். பிறகு ஊரடங்கு. மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. சீழ் பிடித்து, இரண்டாவது தடவை முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். கண்ணிவெடி எடுத்தது பாதத்தை. முழங்காலை எடுத்தது ஊரடங்கு.

அவளுக்கு ஒரு கால் செய்யவேண்டும் என்றுதான் பட்டணத்தில் இருந்த பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். நான் செய்த முதல் கால் நடக்க நடக்கக் கிறீச்சிட்டது. "நான் வாறது ஊருக்கே கேக்குது" என்று அக்கா திட்டித் திட்டியே அதைத் தேயும்வரை போட்டாள். பிறகு கனடா, மிசிசாகாவில் தொழிற்சாலை வேலை, கல்லூரி, பரீட்சை. அந்த வருடங்களை எல்லாம் எழுதினால் எனக்கே அலுப்பு வரும்.

எங்கள் பட்டறைத் தலைவி ஹெலன். உயரமான, சத்தம் போடாத மனுசி. மேசையில் இருந்து அப்பிள் கடித்துக்கொண்டே நாங்கள் செய்வதைப் பார்ப்பாள். வேலை சரியென்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போவாள். பிழையென்றால் அப்பிளைக் கீழே வைப்பாள். அந்த அப்பிள் மேசையில் தட்டுப்படும் சத்தம் கேட்டாலே நாங்கள் அராவியைக் கீழே வைத்துவிடுவோம். அவளிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. கால் எப்படிப் போனது என்று எவரையும் கேட்கக்கூடாது. விருப்பமென்றால் அவர்களே சொல்வார்கள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேற்று விடிந்ததில் இருந்து படுக்கும்வரை என்ன செய்தீர்கள்? செயற்கைக் காலை அந்த நேற்றுக்கு ஏற்றபடிதான் செய்யவேண்டும் என்பாள்.

வெட்டியபின் எஞ்சியிருக்கும் பகுதியை நாங்கள் மிச்சக்கால் என்போம். அதைத் தடவித் தடவி, எலும்பு முட்டும் இடங்களைப் பென்சிலால் குறித்து, ஈர பிளாஸ்ரர் துணியைச் சுற்றி அச்சு எடுப்போம். அந்த அச்சில் இருந்து ஒரு பிளாஸ்ரர் காலை வார்த்து, தாங்கக்கூடிய இடத்தில் அராவிக் குறைத்து, நோகக்கூடிய இடத்தில் பூசிக் கூட்டுவோம். அதன்மேல்தான் மிச்சக்கால் போய் இருக்கும் கூட்டைச் செய்வது. முதல் கூடு கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்ரிக். தோல் எங்கே வெளிறுகிறது என்று அதற்கூடாகப் பார்க்கலாம். இன்னும் சந்தேகம் என்றால் உதட்டுச்சாயம். மிச்சக்காலில் பூசி உள்ளே இறக்கி எடுத்தால், அழுத்துகிற இடத்தில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வரும். மருந்துக்கடையில் இருக்கிற மலிவான சிவப்பாகப் பார்த்து ஹெலனே வாங்கி வருவாள். அவள் உதட்டில் நான் ஒருநாளும் அதைக் கண்டதில்லை.

குர்தேவ் சிங் எங்களிடம் வந்தது ஒரு வசந்த காலத்தில். ரெக்ஸ்டேலில் மகனோடு இருந்தவர். வெள்ளைத் தாடி, அழுத்திக் கட்டிய நீலத் தலைப்பாகை, நிமிர்ந்த முதுகு. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது போய்க் கனகாலம். இந்தியாவில் செய்த கால் உடைந்துபோக, நாங்கள் ஒன்று செய்து கொடுத்தோம். மருமகள் ஜஸ்லீன் கூட வந்து, அவருக்கு இங்கிலிஷ் வராத இடங்களில் மொழிபெயர்ப்பாள். உதட்டுச்சாயத்தைக் கண்டதும் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என் மனைவி கண்டால் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

புதுக் கால் போட்டுக் கொஞ்ச நாளில் மிச்சக்காலின் பின்பக்க அடியில் ஒரு புண் வந்தது. அவருக்குச் சலரோகம் வேறு; சர்க்கரை வியாதிக்காரருக்குப் புண் இலகுவில் ஆறாது. சத்திரசிகிச்சை டொக்டர் செயற்கைக் காலை ஒரு நாளில் கொஞ்ச நேரம் மட்டும் போடச் சொன்னார். கனநேரம் நிற்கவே கூடாது என்றார். கூட்டைத் திருத்தும் வேலை என்னுடையது.

அன்று அவர் நடைபழகும் கம்பிகளுக்கு நடுவில் நின்றார். நான் குந்தியிருந்து கணுக்காலில் திருகாணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சற்று முன்னர் என் மனைவியோடு தொலைபேசியில் தமிழில் கதைத்ததை அவர் கேட்டிருக்கவேண்டும். மேலே இருந்து திடீரென்று ஒரு குரல் வந்தது.

"நில்லு! ஐசி காட்டு!"

சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்கும் சிப்பாய்களின் தமிழ் அது. தெரிந்த நாலு சொல்லைச் சொல்லிக்காட்டும் கிழவரின் விளையாட்டு. ஆனால் என் கைகள் தாமாக மேலே போய்விட்டன. ஒரு கையில் திருகாணிச் சாவி. ரொறன்ரோவில், நரைத்த தலையோடு, செயற்கைக் காலில் நிற்கும் ஒரு கிழவருக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு குந்தியிருக்கிறேன். என் கைகளைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுபோனது.

"யாழ்ப்பாணமா?" என்றார்.

"ஓம்" என்றேன். அந்தச் சொல்லும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தன் காலைத் தொட்டு, "அங்கேதான்" என்றார். இந்தியப் படையோடு வந்தபோது போன கால் அது. நான் திருகாணியை முறுக்கினேன். எனக்குக் கோபமா, பயமா, வெட்கமா என்று அப்போது தெரியவில்லை. இப்போது யோசித்தால் மூன்றும்தான்.

நேரே ஹெலனிடம் போனேன். இந்த ஆளை வேறு ஆரிடமாவது கொடு என்றேன். ஏன் என்றாள். சொன்னேன்.

"அவரைப் பார்க்கவே உனக்குப் பிடிக்கவில்லையா?"

"அது இல்லை. நல்ல மனுசன். ஆனால் நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் அந்தப் புண் ஆறாவிட்டால், பிறகு என் கையை நானே நம்பமாட்டேன்."

அவள் அப்பிளைக் கடித்தாள். மென்று முடித்தாள். "நீ செய்யும் ஒவ்வொன்றையும் நான் பார்ப்பேன். உன் கையில் பிழை கண்டால் அன்றே அவரை உன்னிடம் இருந்து எடுத்துவிடுவேன். காணாவிட்டால் அவர் உன்னுடையவர்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். நான் அச்சு எடுக்கும்போது பின்னால் நின்றாள். அராவிய இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். உதட்டுச்சாயத்தைத் தானே பூசினாள். கூடு சுத்தமாக வெளியே வந்தது, பின்பக்கத்தில் ஒரு பொட்டுச் சிவப்பும் இல்லை. அப்பிள் கீழே போகவில்லை. ஒவ்வொரு முறையும் குர்தேவ் சிங்கிடம் நேற்றைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்: கதிரை, ரீவி, தேத்தண்ணி, கட்டில். வீட்டுக்குள் போட என்று நாங்கள் கொடுத்த சப்பாத்தையும் ஒழுங்காகப் போடுகிறாராம். ஜஸ்லீன் பக்கத்தில் நின்று யன்னலைப் பார்ப்பாள்.

புண் பெருத்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார். இன்னும் ஒரு தடவை பார்ப்பார். அப்போதும் இப்படியே இருந்தால் முழங்காலுக்கு மேலே வெட்டவேண்டிவரும். குர்தேவ் சிங் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

முழங்கால் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதியவர்கள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். நான் அதை வீட்டில் பார்த்தவன். முழங்கால் இருந்தால் கால் உங்கள் சொல்லைக் கேட்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பால் காலைத் தூக்கி எறிந்து, அது வந்து சேர்ந்ததா என்று காத்திருக்கவேண்டும். அந்த வயதில், அந்த நோயோடு, அவர் பிறகு நடக்கவே மாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஸ்காபரோவில் அக்கா வீட்டில் சாப்பாடு. நான் பிட்டை அளைந்துகொண்டிருந்தேன்.

"என்னடா, பிட்டுக்கை என்ன தேடுறாய்?" என்றாள்.

பேரைச் சொல்லாமல் கதையைச் சொன்னேன். முதலில் அவளுக்கு முகம் இறுகியது. "ஆமிக்காரனுக்கோ உவ்வளவு கவலைப்படுறாய்?" என்றாள். எழும்பிப் போய்ச் சொதியை எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"எதுவரைக்கும் போட்டுது? முழங்கால் இருக்கோ?"

"இப்ப இருக்கு. இனித்தான் எடுக்கப்போகினம்."

அக்கா கதிரையில் இருந்துவிட்டாள். புண் எந்தப் பக்கம் என்று கேட்டாள். பின் அடி என்றேன். "அப்ப கால் பின்னாலை சாயுது. சப்பாத்துப் போடாமல் நிக்கிறார்."

"வீட்டிலை சப்பாத்தோடதான் நிக்கிறாராம்."

"கோயிலிலை?"

எனக்குச் சுருக்கென்றது. செயற்கைப் பாதத்தை ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குத்தான் பொருத்துவோம். சப்பாத்தைக் கழற்றினால் குதி கீழே இறங்கும், கால் முழுவதும் பின்னுக்குச் சாயும், மிச்சக்காலின் பின் அடி கூட்டின் சுவரில் போய் அழுந்தும். கம்பிகளுக்கு நடுவில் நாங்கள் அவரைச் சப்பாத்தோடுதான் பார்த்தோம். உதட்டுச்சாயமும் சப்பாத்தோடுதான். நாங்கள் கத்தோலிக்கர் என்றாலும், ஊரில் நாங்களும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பூசைக்குப் போனவர்கள்.

"கனடா வந்து சப்பாத்தோட பூசைக்குப் போய்ப் பழகிட்டாய், வேறை என்ன?" என்று அக்கா சிரித்தாள்.

ஜஸ்லீனுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் மாமா குருத்வாராவுக்குப் போவாரா என்று கேட்டேன். "சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்" என்றாள். பிறகு, "நாளைக்கு மத்தியானம் அங்கே வந்து சாப்பிடுங்கோவன். யாரும் வரலாம்" என்றாள். ஹெலனையும் வீட்டில் அழைத்து அனுமதி கேட்டேன். நோயாளி நிற்கும் இடத்தில் போய்ப் பார்ப்பதும் வேலைதான் என்றாள். "நானும் வாறன்" என்று அக்கா வெளிக்கிட்டு நின்றாள். அவளை மறிக்க எங்கள் குடும்பத்தில் எவராலும் முடிந்ததில்லை.

தலையில் கட்ட எனக்கு ஒரு செம்மஞ்சள் துணி தந்தார்கள். சப்பாத்துகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனோம். சாப்பாட்டு மண்டபத்துக்கு அப்பால் சமையற்கட்டு. பெரிய தட்டையான அடுப்புக்கு முன்னால் குர்தேவ் சிங் வெறுங்காலோடு நின்று ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை இரும்பு மேசையைப் பிடித்திருந்தது. பக்கவாட்டில் பார்க்க, இடது கால் வில்லு மாதிரிப் பின்னுக்கு வளைந்திருந்தது. புண் எங்கிருந்து வந்தது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

என்னைக் கண்டதும் அகப்பை அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு கூடை ரொட்டியோடு அவரே வந்தார், பின்னால் ஜஸ்லீன். நான் நிலத்தில் இருந்தேன். அக்காவுக்குச் சுவரோரம் ஒரு வாங்கு. எங்கள் கைகளில் ரொட்டியை வைத்தார்.

"டொக்டருக்குச் சொல்வாயா?"

"எவ்வளவு நேரம் இப்படி நிற்கிறீர்கள்?"

"விடிய வந்தால், மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை. ஒவ்வொரு நாளும்." பிறகு ஜஸ்லீனைப் பார்த்துப் பஞ்சாபியில் சொன்னார். அவள் மொழிபெயர்த்தாள். "சொன்னால் நிறுத்திவிடுவீர்கள். இங்கே நிற்காவிட்டால் நான் வீட்டில் இன்னொரு கதிரைதான் என்று சொல்கிறார்."

அக்கா தன் பாவாடைக்கு மேலால் தொடையைத் தட்டினாள். டொக் டொக் என்று கேட்டது. கிழவர் திகைத்துப்போனார். பிறகு வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, தன்னுடையதைத் தட்டிக்காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அக்கா கேட்டாள்.

"எங்கட ஊரிலை ஆரையும் சுட்டனீங்களோ எண்டு கேள்."

அப்படிக் கேட்கக்கூடாது, எங்கள் வேலையில் சட்டம் என்றேன். ஹெலனின் விதி எனக்குள் ஊறியிருந்தது.

"உன்ர வேலைச் சட்டம் உனக்கு. எனக்கில்லை. கேள்."

நான் இங்கிலிஷில் கேட்டேன். ஜஸ்லீன் வெளிறிப்போய்ப் பஞ்சாபியில் கேட்டாள். குர்தேவ் சிங் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதில் சொன்னார்.

"பனைமரங்களைப் பார்த்துச் சுட்டோம். அங்கே இருந்துதான் எங்களுக்கு வெடி வந்தது. மரங்களுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல என்னால் முடியாது."

அக்கா அவருடைய முகத்தையே பார்த்தாள். "உண்மையைத்தான் சொல்லுறார்" என்றாள் என்னிடம். பிறகு தன் கதையைச் சொன்னாள்: படலை, முதல் வெட்டு, ஊரடங்கு, இரண்டாவது வெட்டு. ஜஸ்லீன் இடையில் இரண்டு தரம் நிறுத்தினாள். கடைசியில் கிழவர் மெல்ல, "அது எங்கள் வெடியாகவும் இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம். எங்கட பொடியளின்ரையாயும் இருக்கலாம்" என்றாள் அக்கா. "ரொட்டி ஆறுது. சாப்பிடுவம். நாளைக்கு இவன்ர இடத்துக்கு வந்து உள்ளதைச் சொல்லுங்கோ, ஐயா. முழங்காலைக் குடுத்திடாதேங்கோ. நான் குடுத்தனான், எனக்குத் தெரியும்."

மறுநாள் அவர் வந்து ஹெலனுக்கு முன்னால் நேற்று என்ன செய்தார் என்று முழுதாகச் சொன்னார். ஹெலன் அப்பிளைக் கீழே வைத்தாள். நிற்பதை நிறுத்தச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "சமையற்கட்டைத் திருப்பித் தருவேன். இப்போது இல்லை. புண் மூடும்வரை காலை மாட்டக்கூடாது. சம்மதமா?" என்றாள். அவர் இருந்தபடியே சலூட் அடித்தார்.

புண் மூடும்வரை அவர் சக்கர நாற்காலியில் போய், உருளைக்கிழங்கு தோலுரித்தாராம். தோலைத் தடிப்பாகச் சீவுகிறார் என்று பெண்கள் ஏசினார்களாம். இதற்கிடையில் நாங்கள் வேறு ஒரு பாதம் தேடி எடுத்தோம். கணுக்காலில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் குதி உயரம் மாறும், சப்பாத்துக்கு ஒன்று, வெறுங்காலுக்கு ஒன்று. அதைப் பொருத்தி, சப்பாத்தோடு ஒரு தரம், வெறுங்காலோடு ஒரு தரம் என்று உதட்டுச்சாயம் பூசிப் பார்த்தோம். அடுப்புக்கு முன்னால் இருந்து ரொட்டி புரட்ட உயரமான ஒரு முக்காலியை ஜஸ்லீனின் புருசன் செய்தான். கிழவருக்கு இருந்து வேலை செய்வது பிடிக்கவில்லை. பழகிக்கொண்டார்.

பிறகு அந்தக் கிளினிக் நாள். டொக்டர் விளக்கை இழுத்துப் பிடித்து, அழுத்தி, சுரண்டிப் பார்த்தார். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல். "முழங்கால் இருக்கட்டும்" என்றார். குர்தேவ் சிங் காலை மடித்தார், நீட்டினார், மறுபடி மடித்தார். ஜஸ்லீன் அழுதாள். ஹெலன் என்னைத் தாண்டி அடுத்த நோயாளியிடம் போனாள். அவளிடம் இருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எவருக்கும் கிடைத்ததில்லை.

கிழவர் என் கையைப் பிடித்து, "சிஸ்டருக்குச் சொல்லு" என்றார்.

நடைபாதைக்கு வந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். குக்கர் விசில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"முழங்கால் தப்பிட்டுதோ?" என்றாள், நான் வாய் திறக்க முதலே.

"ஓம் அக்கா. தப்பிட்டுது."

அடுப்பை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் அழுவது கேட்டது. தன்னுடைய கால் போன நாளில் இருந்து, அந்தக் காலுக்காக அவள் அழுது நான் கேட்டதில்லை. மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"அந்தச் சண்டையிலை ஒரு முழங்கால் எண்டாலும் தப்பிட்டுது, தம்பி."